எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி மாதிரி (1:64): தொகுப்பில் இல்லாத வரலாற்று நுணுக்கங்களை எப்படிச் சேர்ப்பது?

துறைமுகவாசி (பட்டர்வொர்த்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலையின் பெயரைத் தாங்கிய எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி என்னும் பிரிட்டிஷ் பாய்மரப் போர்க்கப்பலின் மாதிரியை 1:64 அளவில் கட்டி வருகிறேன். மும்பையில் மலபார்த் தேக்கால் கட்டப்பட்டு 1817 அக்டோபர் 12 அன்று கடலில் இறக்கப்பட்ட இக்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதந்துகொண்டிருக்கிறது. என் தாத்தா திருகோணமலையிலிருந்து மலாயாவுக்கு வந்தவர் என்பதால் இந்தப் பெயரின் மீது எங்கள் வீட்டில் தனிப் பற்று உண்டு. ஆகவே, இதைக் கடையில் வாங்கிய மாதிரிப் பாகங்களின் தொகுப்பில் உள்ளபடியே முடித்து அலமாரியில் வைத்துவிட எனக்கு மனம் இல்லை.

உடற்பகுதியின் இரண்டாம் அடுக்குப் பலகைகளை ஒட்டித் தேய்த்து முடித்துவிட்டேன். இனி வரும் வேலைகளில்தான் ஐயங்கள் எழுகின்றன. தொகுப்போடு வந்த வரைபடத்தில் உள்ள பின்புற அமைப்பும் ஹார்ட்டில்பூல் கப்பலின் ஒளிப்படங்களில் தெரியும் பின்புறமும் ஒத்துப்போகவில்லை; பீரங்கிகளின் எண்ணிக்கையும் வேறுபடுகிறது. அடிப்பகுதிக்குக் கொடுக்கப்பட்டுள்ள செப்புத் தகடுகளில் ஆணித் தலைகள் பருக்களைப் போலப் புடைத்து நிற்கின்றன. கயிற்றுக்கென மூன்றே பருமன்களில் கறுப்பும் பழுப்புமாக நூல்கண்டுகள் தரப்பட்டிருக்கின்றன. இவ்வளவு பெரிய கப்பலுக்கு மூன்று பருமன்கள் போதுமா என்பது ஐயமே. அசல் கப்பல் தேக்கால் ஆனது என்பதால், மேல்தளத்துக்கும் சிற்ப வேலைகளுக்கும் தேக்கையே பயன்படுத்துவது முறையாக இருக்குமா என்பதையும் அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நங்கூரம் (ஜார்ஜ் டவுன்) எழுதியது:

வணக்கம் ஐயா. நல்ல கப்பலைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். உங்கள் ஐயங்களில் பாதிக்கு மேல் ஒரே முடிவில் தீர்ந்துவிடும்: இது எந்த ஆண்டின் ட்ரிங்கோமலி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த முடிவை எடுக்காமல் எந்த நுணுக்கத்தைச் சேர்த்தாலும், ஒவ்வொன்றும் தனித்தனியே சரியாக இருந்தும், எந்த நாளிலும் கடலில் இருந்திராத ஒரு கப்பல்தான் உங்கள் மேசையில் உருவாகும்.

உங்கள் வரைபடமும் ஒளிப்படங்களும் முரண்படுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். பிரிட்டிஷார் 1782-இல் கைப்பற்றிய ஹெபே என்னும் பிரெஞ்சுக் கப்பலின் வடிவத்தைத் தழுவி உருவான லீடா வகையைச் சேர்ந்தது ட்ரிங்கோமலி. 38 பீரங்கிக் கப்பல் என்ற தரத்தில் கட்டப்பட்ட இது 1819-இல் போர்ட்ஸ்மவுத் சேர்ந்தது. அதற்குள் நெப்போலியன் போர்கள் முடிந்துவிட்டதால், பணியில் சேர்க்கப்படாமல் கால் நூற்றாண்டுக் காலம் துறைமுகத்திலேயே கட்டிவைக்கப்பட்டிருந்தது. 1845-இல்தான் அதைப் பணிக்குத் தயார் செய்யத் தொடங்கினார்கள். அப்போது பின்புறத்தை மாற்றி அமைத்தார்கள். பீரங்கிகளின் எண்ணிக்கையை 26 ஆகக் குறைத்து, கனமான பீரங்கிகளை ஏற்றி, கார்வெட் என்னும் சிறிய போர்க்கப்பல் வகையாகத் தரம் மாற்றினார்கள். முதல் பணிப்பயணம் 1847-இல் வட அமெரிக்க, மேற்கிந்தியத் தீவுக் கடற்படை நிலையத்துக்கும், அடுத்தது 1852 முதல் 1857 வரை பசிபிக் பெருங்கடலுக்கும் அமைந்தன. உங்கள் தொகுப்பின் வரைபடம் லீடா வகையின் தொடக்ககால வடிவத்தையும், ஒளிப்படங்கள் மாற்றத்துக்குப் பிந்திய வடிவத்தையும் காட்டுகின்றன என்றால் இரண்டும் ஒத்துப்போக வழியே இல்லை.

1817-ஐத் தேர்ந்தெடுத்தால், மும்பைத் துறையிலிருந்து இறங்கிய கப்பலாக அது இருக்கும். கப்பலின் அடியில் முதுகெலும்பு போல் ஓடும் ஏரா மரத்தில், தலைமைக் கப்பற்கட்டுநர் ஜம்ஷெட்ஜி போமன்ஜி வாடியா பார்சி மரபுப்படி வெள்ளி ஆணி ஒன்றை அடித்துத்தான் வேலையைத் தொடங்கினார். மாதிரியிலும் அதைச் செய்ய விரும்பினால் ஏரா மரத்தில் மெல்லிய வெள்ளிக் கம்பித் துண்டு ஒன்றைப் பதிக்கலாம். வெளியே தெரியாது, ஆனாலும் நான் செய்வேன். 1847-ஐத் தேர்ந்தெடுத்தால், பின்புறம், பீரங்கிகள், நங்கூரச் சங்கிலி ஆகிய அனைத்தையும் அந்த ஆண்டுக்கு ஏற்ப மாற்ற வேண்டியிருக்கும். ஆனால், உயிரோடு இருக்கும் கப்பலின் ஒளிப்படங்களைச் சான்றாக வைத்துக்கொள்ளும் வசதி அதில் உண்டு. இரண்டையும் கலப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

வரைபடத்தைப் பொறுத்தவரை, தொகுப்பை நம்புவதைவிட கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கும் அட்மிரால்டி (பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகம்) வரைபடங்களின் நகல்களை நாடுவது நல்லது. மும்பைக்கு முதன்முதலில் அனுப்பப்பட்ட வரைபடங்கள் எச்.எம்.எஸ். ஜாவா என்னும் கப்பலோடு போயின. 1812 டிசம்பரில் அமெரிக்கக் கப்பலான கான்ஸ்டிடியூஷன் அதைத் தோற்கடித்ததில் அவையும் தொலைந்து, மறுபடி நகல் எடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. ட்ரிங்கோமலி தாமதமானதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் ஊருக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. பினாங்கிலேயே 1809-இல் 36 பீரங்கிகள் கொண்ட போர்க்கப்பல் ஒன்று கட்டப்பட்டு, பிறகு எச்.எம்.எஸ். மலாக்கா என்று பெயரிடப்பட்டது. அதையும் யாராவது ஒருநாள் மாதிரியாகக் கட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நூலேணி (செந்தூல், கோலாலம்பூர்) எழுதியது:

ஆண்டைப் பற்றி நண்பர் நங்கூரம் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். நான் கயிற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஏனெனில் மாதிரியைப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவதும், தொகுப்புகள் பெரும்பாலும் கோட்டை விடுவதும் அதில்தான்.

பழைய கடற்படை ஆவணங்களில் கயிற்றின் அளவு எப்போதும் சுற்றளவாகவே குறிக்கப்பட்டது, விட்டமாக அல்ல. ஆவணத்தில் 12 அங்குலக் கயிறு என்று இருந்தால் அதன் விட்டம் ஏறத்தாழ 97 மில்லிமீட்டர். அதை 64-ஆல் வகுத்தால் மாதிரிக்கு வேண்டியது ஒன்றரை மில்லிமீட்டர் நூல். இதை அறியாமல் 12 அங்குலத்தையே விட்டமாகக் கொண்டால் நாலே முக்கால் மில்லிமீட்டர் வந்து நிற்கும். பாய்மரத்தை வடக்கயிற்றால் கட்டியது போல் ஆகிவிடும். அதே முறையில், 8 அங்குலக் கயிற்றுக்கு 1 மில்லிமீட்டரும், ஒன்றரை அங்குலக் கயிற்றுக்கு 0.2 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் வரும். ஆகவே மூன்று பருமன்கள் போதவே போதா. குறைந்தது ஏழு, எட்டுப் பருமன்களில் நூல் தேவைப்படும்.

நிறத்தில் கவனம் வேண்டும். பாய்மரங்களை அசையாமல் தாங்கிநிற்கும் நிலைக்கயிறுகளுக்குத் தார் பூசுவார்கள். அவை கரும்பழுப்பு நிறத்தில் இருக்கும். கப்பிகளின் வழியே ஓடி, பாய்களையும் அவை தொங்கும் பருமல்களையும் இயக்கும் ஓட்டக்கயிறுகள் சணலின் வெளிறிய பழுப்பிலேயே இருக்கும். தொகுப்பில் தரும் பளபளக்கும் கறுப்பு நூலைவிட, கறுப்போடு பழுப்புச் சாயம் கலந்து நனைத்த நூல் உண்மைக்கு நெருக்கமாகத் தெரியும் என்பது என் கருத்து.

முறுக்கும் முக்கியமானது. சாதாரணக் கப்பற்கயிறு மூன்று புரிகளை வலமாக முறுக்கித் திரித்தது. அப்படிப்பட்ட மூன்று கயிறுகளைச் சேர்த்து இடமாக முறுக்கினால் நங்கூர வடம் போன்ற கனத்த கயிறு கிடைக்கும். தையல் நூல் சில வேளைகளில் எதிர்த்திசையில் முறுக்கப்பட்டிருக்கலாம் என்பதால், பூதக்கண்ணாடியில் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஜாலான் மஸ்ஜித் இந்தியாவின் தையற்பொருள் கடைகளில் பொறுமையாகக் கண்டுகளைப் புரட்டிப் பார்த்தால் மெல்லிய பாலியெஸ்டர் நூல் பல பருமன்களில் கிடைக்கும்; அதைக் கொண்டு சிறிய முறுக்குக் கருவியில் நீங்களே கயிறு திரித்துக்கொள்ளலாம். பருத்தி நூல் வேண்டாம். நம் ஊர் ஈரக்காற்றில் இயற்கை இழைகள் ஈரத்தை உறிஞ்சிச் சுருங்கும், குளிர்சாதனம் ஓடும்போது காய்ந்து தளரும். இந்த இழுபறியில் மெல்லிய பருமல்கள் வளைந்துவிடுகின்றன.

மாலுமிகள் ஏறும் ஏணிக் கயிறுகளாகிய ராட்லைன்களுக்கு இடையே அசல் கப்பலில் 13 முதல் 15 அங்குல இடைவெளி இருக்கும். உங்கள் அளவில் ஐந்து முதல் ஆறு மில்லிமீட்டர். இடையிலுள்ள கயிறுகளில் அவை குளோவ் முடிச்சால் கட்டப்படும். இரு ஓரங்களில் மட்டும் நுனியைச் சிறு வளையமாக்கித் தனி நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். ஓரத்திலும் அதே முடிச்சைப் போட்டு நுனியை வெட்டிவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. வளையக் கட்டு பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனாலும், அருகில் வந்து பார்ப்பவருக்கு இந்த ஓர் இடத்திலேயே கட்டியவரின் அக்கறை தெரிந்துவிடும் என்பதால் இதை விட்டுவிடாதீர்கள்.

உளி (ஜெலுத்தோங்) எழுதியது:

தேக்கு வேண்டாம். அசல் மரத்தை 64 மடங்கு சுருக்கினால் அதன் நார்வரியும் 64 மடங்கு சுருங்க வேண்டும். நம் கையில் உள்ள தேக்கின் வரிகளும் துளைகளும் சுருங்குவதில்லை. அதில் வெட்டிய பலகை மாதிரியில் விரல் அகலத் துளைகள் கொண்ட மரமாகத் தோன்றும். நிறம் தேக்காகவும் வரி நுண்மையாகவும் இருக்க வேண்டும் என்றால், பேரி மரம் போன்ற நெருங்கிய வரிகொண்ட மரத்தைத் தேக்கின் நிறத்துக்குச் சாயமேற்றுவதே சரி.

சிற்ப வேலைக்கு நம் நாட்டு ஜெலுத்தோங் மரத்தைவிட நல்லதை நான் பார்த்ததில்லை. வெளிறிய நிறம், சீரான வரி, உளிக்கு எந்தத் திசையிலும் இணங்கும் மென்மை ஆகியவற்றால் வார்ப்பு அச்சுகள் செய்பவர்களும் பென்சில் தயாரிப்பவர்களும் அதை விரும்பி வாங்கினார்கள். ஒரே குறை, மரத்தினுள் பால் ஓடிய கீற்றுகள் ஆங்காங்கே மெல்லிய பிளவுகளாகத் தெரியும். ட்ரிங்கோமலியின் முன்முனையாகிய அணியத்தில் தலைப்பாகை அணிந்த ஆணின் உருவம் இருக்கிறது. அதைச் செதுக்க எடுக்கும் கட்டையை முதலில் மெல்லிய சீவல்களாகச் சீவிப் பார்த்து, கீற்று இல்லாத பகுதியைத் தேர்ந்தெடுங்கள். முகத்தின் நடுவில் கீற்று வந்தால் பட்டி போட்டு மறைத்தாலும் சாயம் ஏறும்போது காட்டிக்கொடுத்துவிடும். தொகுப்பில் வந்திருக்கும் உலோக வார்ப்பு உருவத்தை அளவு பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

செப்புத் தகட்டுக்கு வருகிறேன். பிரிட்டிஷ் கடற்படை 1761-இல் எச்.எம்.எஸ். அலார்ம் கப்பலில் செப்புறையைச் சோதித்து, 1780-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கப்பற்படை முழுவதற்கும் பரப்பியது. வழக்கமான தகடு 4 அடி நீளமும் 14 அங்குல அகலமும் கொண்டது. பருமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். ஆணித் தலைகள் தகட்டின் மட்டத்துக்கே அடித்து அமர்த்தப்பட்டவை. 1:64-இல் அவை கண்ணுக்கே தெரியக் கூடாது. உங்கள் தொகுப்பில் உள்ள பருக்களை அசல் அளவுக்குப் பெருக்கினால் ஒவ்வோர் ஆணித் தலையும் உள்ளங்கை அகலம் இருக்கும். அந்தத் தகடுகளை ஒதுக்கிவிடுங்கள்.

மாற்று எளிது. வண்ணக் கண்ணாடிச் சாளர வேலைக்குப் பயன்படும் பின்பசை கொண்ட செப்பு நாடா 7/32 அங்குல அகலத்தில் விற்கப்படுகிறது. 14 அங்குலத்தை 64-ஆல் வகுத்தால் மிகச் சரியாக 7/32 அங்குலம்! நீளத்துக்கு முக்கால் அங்குலத் துண்டுகளாக வெட்டினால் போதும். பின்முனையில், ஏராவை ஒட்டித் தொடங்கி முன்னோக்கியும் மேல்நோக்கியும் செல்லுங்கள். முன் தகடு பின் தகட்டின் மீதும், மேல் தகடு கீழ்த் தகட்டின் மீதும் ஏறி அமர வேண்டும். நீரோட்டம் விளிம்பைக் கிளப்பிவிடாமல் இருப்பதற்காக அசல் கப்பலிலும் இப்படியே செய்தார்கள். ஒட்டும்போது பருத்திக் கையுறை அணியுங்கள். வியர்வைபட்ட விரல் ரேகை நம் கடற்கரைக் காற்றில் சில வாரங்களிலேயே கறுத்துத் தெரியும். முடித்த பிறகு ஆல்கஹாலால் துடைத்து, வார்னிஷ் பூசாமல் விட்டுவிட்டால் செம்பு தானாகவே சீரான பழுப்புக்கு மாறும். கடலில் இருந்த கப்பலின் அடிப்பகுதி புதுக்காசு நிறத்தில் பளபளத்தது கொஞ்ச நாள்தான்.

மேல்தளப் பலகைகளுக்கு இடையிலுள்ள தார்க்கோட்டைக் கறுப்பு மையால் தீட்டாதீர்கள். அசலில் அந்த இடைவெளி கால் அங்குலத்தை ஒட்டியது. உங்கள் அளவில் 0.1 மில்லிமீட்டர். பலகையின் ஒரு விளிம்பில் மட்டும் மென்மையான பென்சிலைத் தேய்த்து ஒட்டினாலே போதும். பலகைகளை 24 அடி நீளமாக, அதாவது 114 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டி, பலகை முனைகள் சந்திக்கும் முட்டுகள் அடுத்தடுத்த வரிசையில் ஒரே இடத்தில் விழாதபடி நான்கு வரிசைக்கு ஒருமுறை திரும்பும் ஒழுங்கில் அமையுங்கள்.

துறைமுகவாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நண்பர் நங்கூரம் சொன்னதை வீட்டில் கலந்து பேசி, 1847-ஆம் ஆண்டு என்று முடிவு செய்துவிட்டேன். பின்புறத்தை மட்டும் பிரித்து மறுபடி கட்ட வேண்டும், பரவாயில்லை, செய்துவிடலாம். 7/32 அங்குலக் கணக்கைப் படித்ததும் உண்மையிலேயே மகிழ்ந்துபோனேன்.

இன்னும் இரண்டு கேள்விகள். தொகுப்பில் தையல் இயந்திரத்தால் தைத்த பாய்கள் உள்ளன; தேநீரில் நனைத்துப் பழுப்பாக்கிக் கட்டுமாறு கையேடு சொல்கிறது. இதைச் செய்யலாமா? பின்புறத்தில் ஏற்ற வெள்ளை நிறக் கடற்படைக் கொடியும் கொடுத்திருக்கிறார்கள். அது 1847-க்குப் பொருந்துமா?

நூலேணி எழுதியது:

தேநீர் வேண்டாம். பாய்த்துணி ஆளி நாரால் நெய்த கித்தான். வெயிலில் வெளுத்துச் சாம்பல் கலந்த வெண்மை ஆகுமே தவிர, மரப்பழுப்பு ஆகாது. தேயிலைச் சாறு காலப்போக்கில் துணியையும் அரிக்கும். இயந்திரத் தையலை அசல் அளவில் நினைத்துப் பார்த்தால் ஒவ்வொரு தையலும் நான்கைந்து அங்குல நீளமாக இருக்கும். பிரிட்டிஷ் கடற்படையின் கித்தான் 24 அங்குல அகலப் பட்டைகளாக வந்தது. ஆகவே மெல்லிய பருத்தித் துணியில் ஒன்பதரை மில்லிமீட்டருக்கு ஒரு கோடு வீதம் கூர்மையான பென்சிலால் வரைந்தால் பட்டைகளின் இணைப்பாகத் தோன்றும். என்னைக் கேட்டால், பாய்களைச் சுருட்டிப் பருமலோடு கட்டிவிடுவதே அழகு. விரித்த பாய்கள் நீங்கள் இவ்வளவு பாடுபட்டுக் கட்டப்போகும் கயிறுகளை எல்லாம் மறைத்துவிடும்.

நங்கூரம் எழுதியது:

பாயைச் சுருட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1:64-இல் முழு அளவுத் துணியைச் சுருட்டினால் பருமலின் மீது தலையணை வைத்ததுபோல் தடித்துவிடும். சுருட்டித்தான் ஆக வேண்டும் என்றால் பாயின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குத் துணியை மட்டும் வெட்டிச் சுருட்டுங்கள். பாய்களே இல்லாமல், பருமல்களைத் தாழ்த்திய நிலையில் வைத்துக் கயிறுகளை மட்டும் முழுமையாகக் கட்டுவதுதான் எனக்குப் பிடித்த முறை. பாய் இல்லாத கப்பலில் மேற்பருமல்கள் உயரத்தில் நிற்கக் கூடாது; பாய் விரிக்கும்போதுதான் அவற்றை மேலே இழுப்பார்கள். இந்த நிலையைப் பல மாதிரிகளில் தவறாகப் பார்க்க முடிகிறது.

கொடியில் இரண்டு செய்திகளைச் சரிபாருங்கள். முதலாவது, மூலையில் உள்ள ஒன்றியக் கொடி. 1801-இல் அயர்லாந்து இணைந்த பிறகே புனித பேட்ரிக்கின் சிவப்புக் குறுக்குப் பட்டைகள் அதில் சேர்ந்தன. பழைய கப்பல்களுக்கான கொடியையே எல்லாத் தொகுப்புகளிலும் போட்டுவிடுபவர்கள் உண்டு. 1847-க்குச் சிவப்புப் பட்டைகள் கட்டாயம். இரண்டாவது, நிறம். 1864 வரை பிரிட்டிஷ் கடற்படை சிவப்பு, வெள்ளை, நீலம் என மூன்று அணிகளாகப் பிரிந்திருந்தது. கப்பல், தன் நிலையத்துக்குத் தலைமை தாங்கிய அட்மிரல் எந்த அணியைச் சேர்ந்தவரோ அந்த நிறக் கொடியை ஏற்றியது. வெள்ளைக் கொடி மட்டுமே போர்க்கப்பலுக்கு உரியது என்ற வழக்கம் 1864-க்குப் பிந்தியது. ஆகவே 1847-இல் அந்த நிலையத்தின் தலைமை அட்மிரலுடைய அணி நிறத்தை உறுதிசெய்துகொண்ட பிறகே கொடியைத் தைக்கத் தொடங்குங்கள்.

நங்கூரத்தையும் பார்த்துவிடுங்கள். 1847-இல் சணல் வடத்தின் இடத்துக்கு இரும்புச் சங்கிலி வந்துவிட்டது. ஒவ்வொரு கண்ணியின் நடுவிலும் குறுக்குக் கட்டை இருக்கும் என்பதால், நகைக்கடையில் கிடைக்கும் வெற்றுக் கண்ணிச் சங்கிலி பொருந்தாது. நங்கூரத்தின் கைகளும் நேராகச் சென்று கூர்மையாகச் சந்திக்கும் பழைய வடிவில் இல்லாமல், வளைந்த வடிவில் இருக்க வேண்டும்.

உளி எழுதியது:

ஒன்றைச் சேர்க்கிறேன். அட்டையில் 26 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு மனித உருவத்தை வெட்டிக்கொள்ளுங்கள். 1:64-இல் அதுவே ஐந்தரை அடி மனிதர். தளத்தில் எதைப் பொருத்தும் முன்பும் அவரைப் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். தொகுப்புகளில் வரும் கயிறு சுற்றும் முளைகள் பெரும்பாலும் பத்து மில்லிமீட்டர் நீளம். அசலில் இரண்டடிக்கும் மேலாகிவிடும், ஒன்றரை அடிக்கு மேல் அவை போகக் கூடாது. ஏழு மில்லிமீட்டருக்குப் பித்தளைக் கம்பியில் கடைந்துகொள்வது நல்லது. என்னிடம் சிறிய கடைசல் எந்திரம் இருக்கிறது. பாலம் தாண்டித் தீவுப் பக்கம் வரும்போது கம்பியைக் கொண்டுவாருங்கள், சேர்ந்தே கடைந்துவிடலாம். கீற்று இல்லாத ஜெலுத்தோங் கட்டை ஒன்றையும் எடுத்து வைக்கிறேன்.